மென்று துப்பிய அரிசி

அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் புகார் சொன்னவன் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை, காலை நடை முடிந்து திரும்பும்போது, பெண்கள் விடுதி வாசலில் நின்று வார்டன் அம்மாவிடம் சொன்னேன்.

"பதினாலாம் ரூம்ல இருக்குதே, வயசுல பெரிய பொண்ணு, அதைக் கொஞ்சம் கவனிங்கம்மா. பின் கேட்டுல எவனோ ஒருத்தன்கிட்ட மூட்டை குடுக்குது."

"நீங்க சொன்னதா வராதுங்க சார்," என்றார் அவர். நான் கேட்காமலே கிடைத்த அந்த வாக்கு எனக்கு இதமாக இருந்தது.

அரசுக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீடு ஓசூரில், பாகலூர் சாலையை ஒட்டிய ஒரு லேஅவுட்டில். இரண்டு தெரு தள்ளி அந்த விடுதி. வண்டி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நான்கு மாடிகளில் தங்கியிருந்தார்கள். விடுதியில் எழும் சச்சரவுகளை விசாரிக்க நிர்வாகம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை வைத்திருந்தது. வார்டன் ஒருவர், ஆலையின் நல அலுவலர் ஒருவர், வெளியாள் ஒருவர். அந்த வெளியாள் நான். படித்தவர், வயதானவர், வம்பில்லாதவர் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எங்கள் பகுதியில் யாருக்கும் யாரையும் தெரியாது. அரூர்க்காரர் காலி செய்த வீட்டுக்கு ஆந்திராக்காரர் வருவார். அவர் போனால் தேனிக்காரர். யார் என்ன மொழியில் போனில் பேசுகிறார்கள், கையில் என்ன எடுத்துப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அதை எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் புகார் சொன்ன பெண்ணுக்கு முப்பத்தாறு வயது. இருபது வயதுப் பெண்கள் நிறைந்த விடுதியில் அதுவே பெரிய வயது. கணவன் இல்லை. மகள் பர்கூர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். நான் பார்த்த அன்று அவள் பின்பக்கக் கம்பிக் கேட்டின் இடைவெளியில் ஒரு துணி மூட்டையை வெளியே நீட்டினாள். மொபெட்டில் வந்திருந்த ஒருவர் அதைக் கையால் தூக்கிப் பார்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டார். செய்தித்தாளில் சுற்றிய எதையோ அவளிடம் கொடுத்தார். திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். பொட்டலத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

"என்னாங்க சார், காலைலயே நடக்க வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள்.

"ஆமாம்மா," என்றேன்.

ஆலையிலிருந்து செம்புக் கம்பி வெளியே போகிறது என்று நான் முடிவு கட்டினேன். அந்தச் சிரிப்பு என் வாயை அடைக்கப் போட்டது என்றும் முடிவு கட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் பதினான்காம் அறையைச் சேர்ந்த மூன்று பெண்கள் வேலை நேரத்தில் மயங்கி விழுந்தார்கள். திங்கள் ஒருத்தி, புதன் ஒருத்தி, வியாழன் ஒருத்தி. முதல் ஷிப்டுக்கு விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடி, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிற பெண்கள். ஆலை மருத்துவர் ரத்தசோகை என்று எழுதியிருந்தார். அந்தச் சீட்டை நான் பின்னால் பார்த்தேன். அப்போது யாரும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

அந்த அறையில் மயங்காதவள் எவள் என்று பார்த்திருக்கிறார்கள். என் சொல் வார்டன் அம்மாவின் மனதில் இருந்தது. அவள் கட்டிலைப் புரட்டியபோது தலையணை உறைக்குள் தலைமுடி கிடைத்தது. பலருடைய முடி. விரலில் சுற்றிய சுருள்களாக, சிலவற்றில் சிவப்பு நூல் கட்டி, நடுவே வேப்பிலையும் கற்பூரமும் வைத்து.

ஒரு பெண்ணின் உதிர்ந்த முடி கிடைத்தால் அவளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது இந்தப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் உள்ள நம்பிக்கை. செய்வினை என்ற சொல் மாலைக்குள் நான்கு மாடிக்கும் ஏறிவிட்டது. சீப்பில் வந்த முடியைப் பெண்கள் மொட்டைமாடியில் எரித்தார்கள். ஒருத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள். குற்றம் சாட்டப்பட்டவளின் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே புது ஸ்டீல் பாத்திரங்கள். அவை எங்கிருந்து வந்தன என்பது இன்னொரு சந்தேகமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை விசாரணை என்று எனக்குத் தகவல் வந்தது.

விசாரணைக்கு முதல் நாள், சனிக்கிழமை, பாகலூர் சாலை டீக்கடையில் அதே மொபெட்டைப் பார்த்தேன். அருகில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிருஷ்ணகிரிக்காரர்; ஐம்பது வயது முஸ்லிம் வியாபாரி. சாக்கில் என்ன என்று அதிகாரத்தோடு கேட்டேன். அவர் கூச்சப்படாமல் வாயைப் பிரித்துக் காட்டினார்.

"முடிங்க சார். சீப்புல வர்றது, உதிர்றது. எங்க அத்தா காலத்துல இருந்து இதான் யாவாரம். முடி குடுத்தா பாத்திரம் குடுப்போம். அந்த ஆஸ்டல் அக்கா மாதிரி யாரும் பிரிச்சுத் தர மாட்டாங்க. நீட்டு முடி தனி, குட்டை தனி. நீட்டுக்கு மட்டும் செவப்பு நூலு. நாந்தான் அப்டிக் கட்டச் சொன்னது."

"வேப்பிலை?"

"பூச்சி வெச்சுரும்ல? பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஒவ்வொரு பாத்திரமா சேக்குதுங்க பாவம். ஆஸ்டல்ல யாவாரம் கூடாதாம், அதான் பின் கேட்டு."

ஒரு நிமிடத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. அப்போதே விடுதிக்கு நடந்திருக்கலாம். ஐந்து நிமிட தூரம். அவரிடம் போன் எண் மட்டும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் எல்லோர் முன்னிலும் சொல்லி நானே தீர்த்துவைக்கலாம் என்று எண்ணினேன். அந்தப் பெருமைக்கு ஆசைப்பட்டு ஒரு நாள் அவளைக் காக்க வைத்தேன்.

விசாரணை உணவுக்கூடத்தில் நடந்தது. இட்லிப் பாத்திரங்களை எடுத்த பிறகு மேசைகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். அறுபது எழுபது பெண்கள் நின்றார்கள். நல அலுவலர் முப்பது வயதுப் பையன், மதுரைப் பக்கம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க ஹிஸ்டரி புரொபசர். இந்த மாதிரி கேஸ்லாம் அந்தக் காலத்துல எப்டி சார் விசாரிச்சாங்க?"

எனக்கு மேடை கிடைத்துவிட்டது. மூடநம்பிக்கையைப் போக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று பெண்களை விசாரித்த கதையை ஆரம்பித்தேன். இடைக்காலம் என்று பொதுவாகச் சொல்கிறோம். வழக்குகள் பெருகியது இடைக்காலம் முடிகிற கட்டத்திலும் அதற்குப் பிறகும்தான் என்று வகுப்பில் சொல்வதைப் போலவே திருத்தமும் சொன்னேன். வலது கைக் கட்டைவிரலை இடது கால் பெருவிரலோடு சேர்த்துக் கட்டி நீரில் போடுவார்கள். மிதந்தால் சூனியக்காரி, மூழ்கினால் நிரபராதி. உடலில் ஊசியால் குத்தி, வலிக்காத இடம் இருந்தால் அது சாத்தானின் முத்திரை. மந்திரம் எதையாவது முடிக்குள் ஒளித்திருப்பாள் என்று தலையை மழிப்பார்கள். அழச் சொல்வார்கள், கண்ணீர் வராவிட்டால் குற்றம், வந்தால் நடிப்பு. சித்திரவதையில் ஒப்புக்கொண்டால், உன்னோடு வேறு யார் என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் முன்பு ரொட்டிச் சோதனை என்று ஒன்று இருந்தது. மந்திரித்த காய்ந்த ரொட்டியை விழுங்க வேண்டும். குற்றவாளிக்குப் பயத்தில் வாய் உலரும், தொண்டை அடைக்கும். அதில் கொஞ்சம் உடலியல் உண்மை உண்டு என்றேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன். பழைய முறையில் குற்றம் சாட்டுபவன் வெளிப்படையாக வந்து நிற்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் தண்டனை அவனுக்குத் திரும்பும். பின்னால் வந்த முறையில் புகார் கொடுத்தவன் பெயரைக் குற்றம் சாட்டப்பட்டவளுக்குச் சொல்லாமல் மறைக்க முடிந்தது. நீதிபதியே வழக்கைத் தொடுத்து நீதிபதியே தீர்த்தான். வழக்குகள் பெருகியதற்கு அது ஒரு காரணம். அன்று உணவுக்கூடத்தில் அந்தப் பகுதி என் நாவுக்கு வரவில்லை.

"எங்கூர்ல அரிசிங்க சார்," என்றார் வார்டன் அம்மா. அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். "திருட்டுப் போச்சுன்னா சாமி முன்னால வெச்ச பச்சரிசிய எல்லாருக்கும் ஒரு பிடி குடுப்பாங்க. மென்னு துப்பணும். எவளுக்கு ஈரமில்லாம மாவா வருதோ அவதான்."

அதைப் பிறகு பார்க்கலாம் என்று அலுவலர் அவளைப் பேசச் சொன்னார். அவள் நேராகப் பேசினாள்.

"முடிக்காரருக்குப் போடத்தான் சார் சேத்தேன். பாத்ரூம்ல, ரூம்ல கெடக்கறதப் பொறுக்கினேன். கூட்டித் தள்ளறதுதானே? யாவாரம் கூடாதுன்னு ரூல் இருக்குது, அது தப்புதான். வேற ஒண்ணும் கெடையாது."

"அந்த ஆள் யாரு?"

"பேரு தெரியாதுங்க. பாய்னு கூப்புடுவோம். பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா வருவாரு."

அப்போது அவளுடைய பக்கத்து அறைத் தோழி ஒருத்தி, வாயாடி, கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க சார், அக்கா மூட்டை குடுத்தத முதல்ல பாத்துச் சொன்னது யாரு? பொம்பளைங்க ஆஸ்டல் பின் கேட்டுல காலங்காத்தால எட்டிப் பாக்கற ஆளு எவன்? அத மொதல்ல விசாரிங்க!"

கூடம் சிரித்தது. "நல்லா கேளுடி" என்று யாரோ சொன்னார்கள். வார்டன் அம்மா என் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபடுவது எனக்குத் தெரிந்தது. என் காது சூடாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் குற்றம் சாட்டப்பட்டவள் என்னைக் காட்டினாள். நம்பிக்கையோடு காட்டினாள். "சாரே பாத்திருக்காருங்க. பாய் வந்தன்னிக்கு சார் அந்தப் பக்கம் நடந்து போனாரு. எங்கிட்டப் பேசினாரே. சார், நீங்க சொல்லுங்க சார்."

எல்லா முகமும் என்னை நோக்கின. பார்த்தேன் என்று சொன்னால் எட்டிப் பார்த்த கிழவன் நானாவேன். பாயைச் சந்தித்தேன் என்று சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்கள்.

"எனக்கு நினைவில்லை," என்றேன்.

 அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எம்பொண்ணு பர்கூர்ல படிக்குது சார். என்னா தண்டனை வேணாலும் குடுங்க. செய்வினைக்காரின்னு பேரு மட்டும் அது காதுக்குப் போயிரக் கூடாது," என்றாள்.

அரிசி வந்தது. சமையற்கட்டில் இருந்த அம்மன் படத்தின் முன் வைத்து எடுத்து வந்தார்கள். "சும்மா சைக்காலஜிக்கல் சார்," என்று அலுவலர் என் காதில் சொன்னார். நான் தடுக்கவில்லை. அவளோடு, மயங்கிய மூன்று பெண்களும் வாயில் போட்டு மென்றார்கள். ஆளுக்கு ஒரு வாழை இலைத் துண்டில் துப்பினார்கள். மூன்று பெண்களின் இலையிலும் உலர்ந்த நொய். பயத்தில் நாக்கு ஒட்டிப்போயிருந்தது அவர்களுக்கு. அவள் இலையில் மட்டும் அரிசி நன்றாக மசிந்து, பால் விட்டுக் குழைந்து இருந்தது.

நான் சொன்ன விதிப்படியும் வார்டன் ஊர் வழக்கப்படியும் அவள் குற்றமற்றவள். ஒரு கணம் கூடம் குழம்பியது. அப்புறம் வார்டன் அம்மாவே சொன்னார். "பாத்தீங்களா? இதுங்க வாயக் கட்டிட்டா. தனக்கு மட்டும் ஒண்ணும் ஆவாம பண்ணிக்கிட்டா."

கண்ணீர் வராவிட்டால் குற்றம், வந்தால் நடிப்பு என்று பத்து நிமிடத்துக்கு முன் விளக்கியவன் நான். என் கண் முன்னால் அது நடந்தது. அலுவலர் என் கருத்தைக் கேட்டார்.

"அரிசி எதையும் நிரூபிக்காது," என்றேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "ஆனா இவ்வளவு பேர் குற்றம் சொல்லும்போது ஒருத்தர் இவ்வளவு அமைதியா இருக்கறதும் இயல்பா தெரியலை."

அதுதான் தீர்ப்பு. அறிக்கையை நானே எழுதினேன். செய்வினை என்ற சொல் அதில் இல்லை. விடுதி விதி மீறல், சுகாதாரக் குறைவு, சக பணியாளர்களின் அமைதிக்கு இடையூறு என்று நல்ல தமிழில் எழுதிக் கையெழுத்திட்டேன். விடுதியும் வேலையும் போய், மதியம் ஷேர் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு அவள் போனாள். பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். யாரும் கையசைக்கவில்லை. அடுத்த மாதம் வேறு அறையில் இருவர் மயங்கினார்கள். போனவள் போகும்போது வைத்துவிட்டுப் போனது என்றார்கள். நான் குழுவிலிருந்து விலகினேன். உடல்நிலை என்று காரணம் எழுதினேன். அதுவும் பொய்.

இரண்டு ஆண்டுகள் அவளைத் தேடவில்லை. டீக்கடையில் பாயை மறுபடியும் பார்த்தபோது அவரே சொன்னார். கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூக் கட்டும் வேலையில் இருக்கிறாள். "ஆஸ்டல் பொண்ணு ஒண்ணு அங்க வேலைக்கு வந்து வத்தி வெச்சிருச்சு சார். இப்ப அங்கயும் அக்காவுக்குத் தனி டம்ளர். பக்கத்துல யாரும் ஒக்காந்து திங்கறதில்ல."

இரண்டு பக்கக் கடிதம் ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பத்து மணி டீ நேரம். கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் பூவாளிகளுக்கு அப்பால், தனியாக. என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. கடிதத்தை முழுவதும் படித்தாள்.

"நான் நல்ல பொம்பளன்னு எழுதியிருக்குது. அது எனக்குத் தெரியும் சார். பாத்தத பாக்கலன்னு சொன்னீங்களே, அது எங்க?"

"முடிவு தவறுன்னு எழுதியிருக்கேம்மா."

"யாரு தவறு?"

 அவள் கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "எனக்கு எதுக்கு இது? அங்க ஒக்காந்திருக்காங்களே, அவங்ககிட்டச் சொல்லுங்க."

வட்டத்தின் முன் போய் நின்றேன். அன்றைய சூழ்நிலையில் என்று ஆரம்பித்தேன். "நேரா சொல்லுங்க சார்," என்று பின்னாலிருந்து அவள் குரல். பாதிப் பேருக்குத் தமிழே புரியவில்லை. கன்னடத்தில் சொல்லச் சொன்னார்கள். என் கன்னடம் காய்கறி வாங்குகிற கன்னடம். சூழ்நிலை, இடையூறு எதற்கும் அதில் எனக்குச் சொல் கிடையாது. "நானு நோடிதே. நோடில்லா அந்த சுள்ளு ஹேளிதே," என்றேன். பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன். அதையே தட்டுத்தடுமாறித் தெலுங்கிலும் சொன்னேன்.

"ஏன்?" என்று ஒரு பெண் தமிழில் கேட்டாள்.

"எட்டிப் பாத்தவன்னு என்னைச் சொல்லிருவாங்கன்னு பயந்தேன்."

"அவ்ளோதானா?" என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "ஆளப் பாத்தா பெரிய மனுசனாட்டம் இருக்குது." டீ நேரம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். தனி டம்ளர் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

நான் கிளம்பும்போது அவள் சொன்னாள். "இவங்க என்னா நெனச்சா எனக்கென்ன சார். எம்பொண்ணுக்குத் தெரிஞ்சு போச்சு. லீவுக்கு வரும்போதெல்லாம் ஒண்ணையே கேக்குது. நிஜமாவே நீ ஒண்ணும் பண்ணலையாம்மான்னு. நான் குடுக்கற எண்ணெயக்கூட மோந்து பாத்துட்டுத்தான் தலைல வெக்குது." 

மறுநாள் பர்கூருக்குப் பஸ் ஏறினேன். அம்மா சொல்லி வைத்திருந்தாள்; கல்லூரி வாசலுக்கு மகள் வந்தாள். கடைசி ஆண்டு. நெடுஞ்சாலையில் கிரானைட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். புகார் சொன்னது, பாயைச் சந்தித்தது, நினைவில்லை என்றது, அறிக்கை எழுதியது.

கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "நீங்க சொல்றத எப்படி சார் நம்பறது? அன்னிக்கும் நீங்கதானே சொன்னீங்க. அம்மா அழுதிருப்பாங்க, பாவம் பாத்து வந்திருப்பீங்க."

நியாயமான கேள்வி. பாயின் எண்ணைக் கொடுத்தேன். அவள் அப்போதே அழைத்தாள். தன்னை யார் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முடி வாங்கறவரா? ஓசூர்ல லேடீஸ் ஆஸ்டல்ல ஒருத்தங்க குடுப்பாங்களே, எப்டிக் கட்டிக் குடுப்பாங்க?"

"நீட்டு தனி, குட்டை தனிம்மா. ஏன், நீங்களும் போடறீங்களா?"

"நீட்டு எதுன்னு எப்டித் தெரியும்?"

"செவப்பு நூலு போட்டிருக்கும். நாந்தான் போடச் சொன்னது. வேப்பல கற்பூரமும் நாந்தான். பூச்சிக்கு."

"யாருக்காவது இத முன்னாடியே சொல்லியிருக்கீங்களா?"

"ஒரு வாத்தியாருக்குச் சொன்னேன், ரெண்டு வருசம் இருக்கும். பெரிய படிப்பு படிச்சவரு. சாக்கத் தொறந்தே காட்டினேன்."

போனை வைத்தாள். நாங்கள் மூன்று பேர் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து செய்யாத விசாரணையை அந்தப் பெண் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். என்னை எதுவும் திட்டவில்லை. திரும்பி, சுவர் ஓரமாகப் போய் நின்று மறுபடி ஓர் எண்ணை அழுத்தினாள்.

"அம்மா," என்றாள்.  "சாப்டியாம்மா?"

அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்பது முறையில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.